இருக்கை இல்லாத கார்

மேஜைமேல் இருப்பது காரின் கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும். கார் விபத்தில் நொறுங்கிப் பழைய இரும்புக்குப் போய்விட்டது; ஓட்டியவரும் பிழைக்கவில்லை. பெட்டியின் மென்பொருளுக்குள் வெளியாள் ஊடுருவ முடியுமா என்று சோதிப்பது என் வேலை.

மூன்று வாரமாகத் தினமும் மாலை ஐந்தே முக்காலுக்குத் திரையில் ஒரே வரி: ஓட்டுநர் இருக்கையில் 62 கிலோ, பெல்ட் போட்டாயிற்று.

"சீட்டே இல்லாத வண்டியில யாருப்பா உட்கார்றது?" என்றார் மேலாளர். "சென்சார் கோளாறுன்னு எழுதிட்டுக் கிளம்பு."

இல்லாத சென்சாருக்குத் தினமும் கோளாறு எழுதினேன்.

இன்று காலை மனைவி என்னை எடை மெஷினில் ஏற்றினாள். "எழுபத்தொண்ணுதான். இந்த வேலை உங்கள உருக்குது."

மாலையில் இரண்டாவது வரி வந்தது: பக்கத்து இருக்கையில் 71 கிலோ, பெல்ட் போடவில்லை. எச்சரிக்கை மணி ஓயாமல் அடித்தது. அலுப்பில் கையைத் தோளுக்குப் பின்னால் நீட்டி, அகப்பட்டதை இழுத்து இடுப்பருகே செருகினேன்.

மணி நின்றது.