மெதுவாக வெட்டும் மெஷின்

"பரிசல்ல நின்னுக்கிட்டே வெட்டணுமுங்க. பேட்டரியில ஓடற மெஷினாக் குடுங்க" என்றார் தோமினிக்.

கடைக்கார அன்பழகன் நிமிர்ந்தான். "எதை வெட்டணும்?"

"லாரி கேபினை. ஆத்துல விழுந்து கூரை மட்டும் வெளிய தெரியுது. ஓட்டிட்டுப் போன என் பையன் உள்ள மாட்டிக்கிட்டான். கேபின் கட்டினதே நான்தானுங்க. நானே வெட்டிக்கறேன்."

அன்பழகன் பதறிப்போய் கிரைண்டரை எடுத்து நீட்டினான். "இந்தாங்க, தகட்டைச் சரசரன்னு கிழிச்சிரும். பணம் பொறவு பாத்துக்கலாம், ஓடுங்க!"

"பொறி பறக்குமுங்களா?"

"பறக்கத்தான் செய்யும்."

"வேண்டாமுங்க." தோமினிக் பக்கத்திலிருந்த பேட்டரி ரம்பத்தைத் தொட்டார். "இது?"

"பொறி வராது. ஆனா ரொம்ப மெதுவா வெட்டும்."

"இதையே குடுங்க."

அன்பழகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, உள்ள இருக்கறது உங்க பையன்தானுங்களே? உசுரு போற அவசரத்துல நிதானமாப் பொறுக்கிட்டு நிக்கறீங்க!"

தோமினிக் ரம்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அவசரமெல்லாம் நேத்தோட போச்சுங்க சாமி. பொறி பட்டு மூஞ்சி கருகிரக் கூடாது. பெட்டியை மூடறதுக்கு முன்னால அவங்கம்மா பாக்கணும்."