ஆறாம் தேதி

ஜார் மன்னரின் கடைசிக் காலத்தில் ரஷ்யாவின் நாட்காட்டி மேற்கு நாடுகளைவிடப் பதின்மூன்று நாள் பின்தங்கி ஓடியது. அந்த முதல் உலகப் போர்க்கால ரஷ்யாவை முப்பத்தொரு வருடம் ஆராய்ந்த பேராசிரியர் தமயந்திக்கு எந்தத் தேதியைக் கண்டாலும் கை தானாகப் பதின்மூன்றைக் கழித்துவிடும். கணவரின் இறப்புச் சான்றிதழுக்கான படிவத்திலும் கழித்திருந்தது.

"ஆஸ்பத்திரி சீட்டுல பத்தொன்பதுன்னு இருக்கு. நீங்க ஆறுன்னு போட்டிருக்கீங்க," என்றாள் மாநகராட்சி எழுத்தர். "ஆறாந்தேதி சார் இருந்தாராம்மா?"

"இருந்தார். சமையக்கட்டுக் குழாய்க்கு வாஷர் மாத்திட்டு, இன்னும் ஒழுகுதான்னு வந்து பாருன்னு கூப்பிட்டார். இந்தப் பக்கத்தை முடிச்சிட்டு வரேன்னேன்."

எழுத்தர் படிவத்தைத் தமயந்தி பக்கம் திருப்பி வைத்தாள். "ஆறை அடிச்சிட்டு, பக்கத்துல பத்தொன்பதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா."

தமயந்தி பேனா மூடியைக் கழற்றினாள். காலையிலிருந்து நின்ற கால் கடுத்தது. பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். பேனாவை மறுபடி மூடினாள்.

"வேற ஃபாரம் குடுங்கம்மா. முதல்லேர்ந்து எழுதிடறேன். இதை அடிக்க முடியல."