உங்கள் வீட்டில் உதயமாறன்

விளம்பரத்தில் அந்தப் பழைய பாட்டு ஒலித்ததுமே தமயந்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணை மூடி முப்பது வருடமான சினிமா ஹீரோ உதயமாறன், அதே நடையும் அதே தலைகோதலுமாக, வீட்டு வேலை செய்யும் இயந்திரமாக வந்திருந்தான். பெட்டி வந்திறங்கிய அன்று வாசலில் வைத்துப் பாலாபிஷேகமே செய்துவிட்டாள்.

இரண்டு மாதம் அது ஸ்டைலாகப் பாத்திரம் துலக்கியது. இன்று காலை குழம்பைத் தீய்த்துவிட்டது.

"அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினாள். விழுந்தது ஓர் அறை. அவள் பல் ஒன்று தெறித்துச் சமையல் மேடையில் உருண்டது.

கணவன் செண்பகராஜ் பதறிப்போய் கம்பெனிக்குப் போன் போட்டான்.

"திமிரா பேசுற ஹீரோயினை ஹீரோ அறையிற சீன் சார் அது," என்றாள் அங்கிருந்த பெண். "ஆர்டர் ஃபார்ம்ல பிடிச்ச சீன் எதுன்னு கேட்டதுக்கு மேடம்தான் அதை எழுதியிருக்காங்க. தியேட்டர்ல பதினோரு தடவை பார்த்து விசிலடிச்சேன்னு வேற போட்டிருக்காங்க."

வாயில் ரத்தம் வழிய, தமயந்தி இரும்புத் தோசைக்கல்லைத் தூக்கி அதன் மண்டையில் போட்டாள். மறுபடியும் போட்டாள். மூன்றாவது அடியில் முகம் பிளந்து, ஒரு கண் வெளியே தொங்க, அது தரையில் சரிந்தது.

"போதும் விடு, செத்துருச்சு," என்று செண்பகராஜ் அவள் கையைப் பிடித்தான்.

கீழே கிடந்த இயந்திரம் கட்டைவிரலால் உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டது. மெல்லச் சிரித்தது. அதன் நெஞ்சுக்குள்ளிருந்து மேளச் சத்தம் கிளம்பியது.

தமயந்தியின் கையிலிருந்து தோசைக்கல் நழுவியது.

"எந்தப் படத்துலங்க அவன் செத்திருக்கான்? ஓடுங்க!"