ஐந்தாவது ஏன்

ஆஸ்பத்திரியில் ஓர் உயிர் போனால் கணினித் திரை ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்கும். ஐந்தாவது பதில்தான் இறப்புச் சான்றிதழில் காரணமாக அச்சாகும். அதுவரை பிணவறைக் கதவு திறக்காது. அதற்குப் பெயர் தரம்.

வார்டு வேலையோடு இந்தக் கேள்விகளைக் கேட்டு எழுதுவதும் நர்ஸ் புஷ்பமேரியின் வேலை. எதிரே இசக்கியம்மாள். மூன்று வயது மகளைக் காலையில்தான் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தாள். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

காய்ச்சல் ஏன் மருந்துக்குக் கேட்கவில்லை என்று தொடங்கி நாலு ‘ஏன்’ முடிந்திருந்தது.

“கடைசிக் கேள்விம்மா. நேத்தே ஏன் கூட்டிட்டு வரல?”

“நேத்து காய்ச்சல் விட்டிருந்துச்சுக்கா. இட்லி கேட்டா, சாப்பிட்டா, சிரிச்சா. சரியாப் போச்சுன்னு நெனச்சுட்டேன்.”

அதை அப்படியே எழுதினால் ‘தாயின் அலட்சியம்’ என்று தாள் வரும். போன மாதம் அப்படியொரு தாளை வாங்கியவள், அதை முந்தானையில் முடிந்துகொண்டு இன்னும் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். தினமும் அவளைத் தாண்டித்தான் புஷ்பமேரி உள்ளே வருகிறாள்.

ஐந்து பதில்களையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். கடைசிப் பதில்: ‘நர்ஸ் புஷ்பமேரி ஊசி போட மறந்துவிட்டார்.’

கதவு திறந்தது. தாளும் வந்தது. இசக்கியம்மாள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். நிமிர்ந்து, நர்ஸின் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தாள்.

“அடிப் பாவி! மறந்துட்டியாடி?”

கை போன இடத்திலெல்லாம் அடித்தாள். அடித்துக்கொண்டே, காலையிலிருந்து முதல் முறையாக வாய்விட்டு அழுதாள். புஷ்பமேரி தடுக்கக் கையைக்கூடத் தூக்கவில்லை.