தலைகீழாய் மாட்டிய ஷீட்

"இது என்ன கார் ஷெட்டா, கோழிக்கூடா?"

கேட்டுக்குள் நுழைந்ததும் அத்தான் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவளுடைய அக்கா கணவர். பெரிய கூரை கான்ட்ராக்டர். அவர் ஏணியில் ஏறிப் பத்து வருடம் இருக்கும். வேலை நடக்கும் இடத்துக்கே போக மாட்டார், எல்லாம் போனில்தான். அடுத்தவர் கூரையில் ஓட்டை கண்டுபிடிக்க மட்டும் நேரில் வந்துவிடுவார்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க அத்தான்" என்றபடி அவள் ஏணியிலிருந்து இறங்கினாள்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவள் அவள். இருக்கிற ஒரே கார் வெயிலில் காய்ந்து பெயின்ட் உரிந்துகொண்டிருந்தது. பழைய கூரையிலிருந்து கழற்றிப் போட்ட பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஷீட்டுகளைக் கொண்டுவந்து, நான்கு ஞாயிற்றுக்கிழமை மல்லாடி இந்தக் கூரையைப் போட்டிருந்தாள்.

"பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை? அதுவும் ஊரான் கழிச்சுப்போட்ட குப்பையை வெச்சு! என் மச்சினின்னு வெளியில சொல்லிடாதே, மானம் போயிடும்."

அவளுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினார். "சார், இது மூணே வருஷத்துல மஞ்சளாப்போன ஷீட்டு. ஷீட்டே மட்டம்னா இன்னிக்கே பிரிக்கச் சொல்லிடுவேன். இந்தம்மா என்னடான்னா, ஷீட்டு நல்லதுதான், முன்னாடி மாட்டினவன்தான் கெடுத்துட்டான்னு சொல்லுது. நீங்க தொழில் தெரிஞ்சவர். என்னன்னு எழுதிக் குடுத்துட்டா நல்லது."

ஷீட்டு மட்டம் என்று அத்தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான்கு ஞாயிற்றுக்கிழமையும் வீண்.

அத்தான் அண்ணாந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மஞ்சள் ஏன் கீழ்ப்பக்கம் இருக்கு?"

"நான் திருப்பிப் போட்டேன் அத்தான். முன்னாடி அது மேல இருந்துச்சு."

அத்தான் கடகடவென்று சிரித்தார். "அப்படிப் போடு! வெயிலைத் தாங்கற பூச்சு ஒரு பக்கம்தான் இருக்கும். அது மேல வரணும். எந்த மடையனோ தலைகீழா மாட்டியிருக்கான். ஓட்டையைப் பாருங்க, ஸ்க்ரூவுக்குச் சரியா, இறுக்கமா! வெயில்ல ஷீட்டு விரிய வேணாமா? அதான் சுத்தி வெடிச்சிருக்கு. ஓரத்துல டேப் ஒட்டாம விட்டு, தண்ணி இறங்கி உள்ள பாசி வேற. இவனெல்லாம் கான்ட்ராக்டரா? மாடு மேய்க்கக்கூட லாயக்கில்லாதவன்."

"அப்போ ஷீட்டு மேல தப்பில்லையா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணாம் நம்பர் ஷீட்டு சார். பத்து வருஷம் உழைக்கும். இதைப்போய் மட்டம்னு எவன் சொன்னான்? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம்!"

"இதையே எழுதிக் குடுக்க முடியுமா?"

"பேனாவைக் குடுங்க. நாலு பேருக்குப் புத்தி வரட்டும்."

காரின் பானெட் மேலேயே காகிதத்தை வைத்து எழுதினார். 'ஷீட் தரமானது. முதலில் பொருத்தியவரின் தவறே காரணம்.' அதற்குக் கீழே, வால் நீண்ட கையெழுத்து.

வீட்டுக்காரர் இரண்டு முறை படித்துவிட்டுக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "கூரை நிக்கட்டும்மா" என்றார். பிறகு அத்தான் பக்கம் திரும்பினார்.

"மூணு வருஷம் முன்னாடி, என் அச்சகத்து ஷெட்டுக்கு இதை மாட்டினது உங்க ஆளுங்கதான் சார். 'ஷீட்டே மட்டம், நாங்க பொறுப்பில்லை'ன்னு நீங்க அனுப்பின லெட்டர் இன்னும் எங்கிட்ட பத்திரமா இருக்கு. அதுலயும் இதே கையெழுத்துதான்."