புது மீனை விடும் முறை

விநாடிக்கு இரண்டு சொட்டு. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

ஹாலில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஹாஃப் கிளட்ச் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவர் ஆசிரியர். பதினெட்டு வருஷமாகக் காலை ஆறு மணிக்கே "ஹாஃப் கிளட்ச், ஹாஃப் கிளட்ச்" என்று கத்திக் கத்தி, அவருடைய பெயரே ஊருக்கு மறந்துபோயிருந்தது.

மேஜை மேல் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதிலிருந்து இறங்கிய மெல்லிய குழாய் கீழே இருந்த வாளிக்குள் உப்புத் தண்ணீரைச் சொட்டிக்கொண்டிருந்தது. வாளிக்குள் ஆரஞ்சு நிறத்தில், வெள்ளைப் பட்டை போட்ட குட்டி மீன். கடைத் தண்ணீரை மறந்து வீட்டுத் தண்ணீருக்குப் பழக அதற்கு ஒரு மணி நேரம் ஆகுமாம்.

தொட்டிக்குள் ஏற்கெனவே ஒருத்தன் இருந்தான்.

நீல நிறம். கட்டைவிரல் அளவு உடம்பு, பத்துப் பேருக்கான கோபம். வெறும் கல்லும் தண்ணீருமாகத் தொட்டியை இரண்டு வாரம் ஓடவிட்ட பிறகு, "கெட்டி மீனுங்க, சாகவே சாகாது" என்று சொல்லித்தான் மீன் வளர்ப்புக் கடைக்காரர் அவனை முதலில் கொடுத்தார். சாகாது என்று சொன்னாரே தவிர, சாகடிக்காது என்று சொல்லவில்லை.

போன வாரம் விட்ட ஆரஞ்சு மீனை அவன் வாலைக் கடித்து, மூலைக்கு மூலை விரட்டி, இரண்டே நாளில் கதையை முடித்துவிட்டான்.

காலையில் அது மிதப்பதை முதலில் பார்த்தவள் வீட்டிலிருக்கும் ஒன்பதாம் வகுப்புக்காரி. "அம்மா, தொட்டியில ஒண்ணு போயிடுச்சுன்னு சொல்லிடு" என்றாள் சமையலறையைப் பார்த்து. ஹாஃப் கிளட்ச் அவள் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார்.

அவளுடைய செய்திகள் எல்லாம் அம்மா வழியாகத்தான் அவருக்கு வந்து சேரும். சோப்பு தீர்ந்துபோனாலும் அப்படித்தான், ஃபேனை நிறுத்த வேண்டுமென்றாலும் அப்படித்தான். வயசு அப்படி என்பாள் அம்மா. ஆனால் அன்றைக்கு ஒரு பார்வை மட்டும் நேராக வந்தது. கொலைகாரனைப் பார்க்கிற பார்வை. இன்னொரு தடவை அதை வாங்கிக்கொள்ள அவருக்குத் தெம்பில்லை. இந்த மீன் சாகக் கூடாது. அவ்வளவுதான்.

ரவுடியைக் கடைசியாகத்தான் விட்டிருக்க வேண்டுமாம். இதை விற்கும்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். "முதல்ல வந்தவன் மொத்த வீடும் தன்னோடதுன்னு நெனைச்சுக்குவான் சார்" என்று கடைக்காரர் சாவகாசமாகச் சொன்னார். இனி ஒரே வழி, உள்ளே இருக்கும் கல்லையெல்லாம் இடம் மாற்றிவிட்டு, தொட்டி விளக்கை அணைத்துவிட்டுப் புதியவனை விடுவது. தன் இடம் எதுவென்று பழையவனுக்கும் தெரியாமல் போனால் சண்டைக்கு வர மாட்டானாம்.

ஒரு மணி நேரம் ஆனது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டார். நறுக்கென்று விரலில் ஒரு கடி.

"ஐயோ அம்மா!"

சோபாவில் நீட்டிப் படுத்திருந்த ஒன்பதாம் வகுப்புக்காரி சிரித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தார். அவள் முகம் ஃபோனுக்குள் இருந்தது.

கடி வாங்கிக்கொண்டே இடது கல்லை வலது பக்கம் தள்ளினார். நடுவில் இருந்ததை ஓரத்தில் சாய்த்தார். விளக்கை அணைத்தார். வாளித் தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேராமல், சின்ன வலையில் ஆரஞ்சு மீனை அள்ளி மெதுவாக உள்ளே விட்டார்.

நீலக்காரன் தன் பொந்தைத் தேடி வந்தான். பொந்தைக் காணோம். சுற்றிச் சுற்றி வந்தான். அப்புறம்தான் ஆரஞ்சு மீன் கண்ணில் பட்டது.

பாய்ந்தான்.

ஹாஃப் கிளட்ச்சின் வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது. பயிற்சிக் காரில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஹாலில் ஏது?

ஆரஞ்சு மீன் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நின்றது. ஒரு விரல் இடைவெளியில் நீலக்காரனும் நின்றான். முறைத்தான். என்ன நினைத்தானோ, திரும்பிப் போய் வலது கல்லுக்கு அடியில் புது இடம் பார்க்க ஆரம்பித்தான். ஆரஞ்சு மீன் எதிர் மூலையில் போய் ஒதுங்கியது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கடி இல்லை, விரட்டல் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டபோதுதான் தன் பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. ஒன்பதாம் வகுப்புக்காரி. எப்போது எழுந்து வந்தாளோ, மூக்கு கண்ணாடியில் ஒட்டாத குறையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசா வந்தது பழக எத்தன நாள் ஆகும்?"

அம்மாவைக் கேட்கிறாளோ என்று அவர் திரும்பிப் பார்த்தார். அம்மா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஹாலில் வேறு யாரும் இல்லை.

"நாப்பது நாள் தாண்டிட்டா பயமில்லைன்னு கடைக்காரர் சொன்னாரும்மா."

அவள் உதட்டுக்குள் எதையோ கழித்துப் பார்த்தாள்.

"அப்ப உங்களுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கு."

சொல்லிவிட்டு மறுபடியும் மீனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அவளுடைய அம்மாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, ஒரே ஒரு பெட்டியோடு ஹாஃப் கிளட்ச் அந்த வீட்டுக்குள் வந்து அன்றோடு இருபத்தொன்பது நாள். அதை எண்ணிக்கொண்டிருப்பது தான் ஒருவர் மட்டும்தான் என்று நினைத்திருந்தார்.