படத்தில் இல்லாத காக்கா

அந்தச் சிரிப்புப் படத்தின் முதல் பாகத்துக்கு வயிறு வலிக்கச் சிரித்த நெல்லையப்பன், மும்பை தாராவி தோல் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, மாட்டுங்கா தியேட்டரில் இரண்டாம் பாகத்துக்கு வந்திருந்தார். இடைவேளை தாண்டியும் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, முன் வரிசைப் பெண் ஒருத்தியைத் தவிர. அவள் காதில் கணவன் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"மேரி, அவன் தலையில காக்கா உக்காந்திருக்கு. அவனுக்கே தெரியல!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நெல்லையப்பன் திரையைப் பார்த்தார். கதாநாயகன் சும்மா டீ குடித்துக்கொண்டிருந்தான். காக்காவைக் காணோம்.

"ஏ தம்பி, படம் பாக்க விடுதியா இல்லியா? சும்மா பக்பக் பண்ணிக்கிட்டு!"

"மாஃப் கரோ அண்ணாச்சி, மன்னிச்சிருங்க," என்றான் அவன். அடுத்த நிமிடமே, "மேரி, காக்கா இப்ப டீயில மூக்க விடுது!"

படம் முடிந்ததும் நெல்லையப்பன் கோபத்தோடு அவன் தோளைத் தட்டினார்.

"எந்தப் படத்தப் பாத்தே நீ?"

அதற்குள் அந்தப் பெண் பையிலிருந்த வெள்ளைக்கோலை எடுத்து விரித்தாள். குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"மொத பாகம் வந்தப்ப எனக்குக் கண்ணு தெரிஞ்சுது அண்ணாச்சி. ஆனா அதவிட இதுதான் ஜோர். உங்களுக்குப் பிடிச்சுதா?"

கணவன் நெல்லையப்பனைப் பார்த்துக் கை கூப்பினான். அவருக்குச் சந்நிதியில் நிற்பதுபோல் உடம்பு சிலிர்த்தது.

"பிடிக்காம இருக்குமா தாயி? கடைசியில குரங்கு வந்து அவன் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஓடிச்சே!"

"குரங்கா?" அவள் கணவனை முழங்கையால் இடித்தாள். "அத நீங்க சொல்லவே இல்லியே!"